ஹதீதா கொலைகள்: பழி யார் மேல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் போர்ச் சட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எந்த நாட்டில் தொடங்கினாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். வேறொரு நாட்டுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும் படையின் சிப்பாய்கள் பொதுமக்களைக் கொன்றால் யாரைக் கேட்பது? சுட்டவனையா, அனுப்பியவனையா, முதலில் குண்டு வைத்தவனையா? பொத்தாம்பொதுவாகப் பேசினால் இது முடியாது. அதனால் ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்: இராக்கின் ஹதீதா. ஆவணங்கள் நிறைய வெளிவந்த வழக்கு இது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஹதீதாவுல அன்னைக்கு என்னதான் நடந்தது? சுருக்கமா சொல்லுங்க.

ஹதீதா, இராக்கின் மேற்கே அன்பார் மாகாணத்தில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். 2005 நவம்பர் 19 காலை ஏழேகால் மணி வாக்கில் நான்கு ஹம்வீ வண்டிகளில் ஒரு அமெரிக்க மரீன் அணி அந்த வழியே போனது. சாலையோரம் புதைத்திருந்த குண்டு வெடித்தது. மிகெல் டெரசாஸ் என்ற 20 வயது வீரர் அங்கேயே இறந்தார். இரண்டு பேர் காயமடைந்தார்கள்.

அடுத்த சில மணி நேரத்தில் அந்த அணியினர் 24 இராக்கியர்களைக் கொன்றார்கள். முதலில், அந்தப் பக்கமாக வந்த ஒரு வெள்ளைக் காரிலிருந்து இறங்கிய ஐந்து பேர். பிறகு பக்கத்து வீடுகள். உள்ளே கையெறிகுண்டு வீசிவிட்டு, புகைக்குள் புகுந்து சுட்டார்கள். இறந்தவர்களில் சக்கர நாற்காலியில் வாழ்ந்த 76 வயதுக்காரர் ஒருவர் உண்டு, பெண்கள் உண்டு, பள்ளிக்கூட வயதுகூட ஆகாத குழந்தைகள் உண்டு. கடைசியாக இன்னொரு வீட்டில் சகோதரர்கள் நான்கு பேர். சுட்டவர்கள் முதலாம் மரீன் ரெஜிமென்ட்டின் மூன்றாம் பட்டாலியனில் கிலோ கம்பெனியைச் சேர்ந்தவர்கள். அந்த அணிக்குத் தலைவர் ஸ்டாஃப் சார்ஜென்ட் ஃபிராங்க் வூட்ரிச்.

முதல்ல வேற கதை சொன்னாங்களாமே?

ஆமாம். மறுநாள் மரீன் படை வெளியிட்ட செய்திக்குறிப்பில் சாலையோரக் குண்டு வெடித்ததில் ஒரு மரீனும் 15 பொதுமக்களும் இறந்தார்கள் என்றும், அதன்பின் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எட்டு கிளர்ச்சிக்காரர்கள் கொல்லப்பட்டார்கள் என்றும் இருந்தது. அந்தப் பொதுமக்களைக் கொன்றது குண்டுவெடிப்பு அல்ல. வீட்டுக்குள் இரவு உடையில் இருந்தவர்களின் உடல்களில் இருந்தவை தோட்டாக் காயங்கள். ஊர்க்காரர் ஒருவர் பிணவறையையும் வீடுகளையும் வீடியோ எடுத்து வைத்தார். அது ஹம்முராபி என்ற இராக்கிய மனித உரிமை அமைப்பு வழியாக டைம் இதழுக்குப் போனது. 2006 ஜனவரியில் அந்த இதழ் கேள்வி கேட்ட பிறகுதான் படையின் விசாரணையே தொடங்கியது. மார்ச்சில் செய்தி வெளிவந்தது.

பொறுப்பைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் எடுத்துப் பார்ப்பது இந்தச் செய்திக்குறிப்பைத்தான். சுட்டவர்களுக்குப் பயம், புகை, பதற்றம் என்று எதையாவது சொல்லலாம். செய்திக்குறிப்பை எழுதியபோது யாரும் யாரையும் சுட்டுக்கொண்டிருக்கவில்லை.

சரி, கடைசியில யாரு ஜெயிலுக்குப் போனாங்க?

யாரும் போகவில்லை.

2006 டிசம்பரில் எட்டுப் பேர் மேல் குற்றச்சாட்டு பதிவானது. நான்கு பேர் மேல் கொலை; நான்கு அதிகாரிகள் மேல் விசாரிக்கத் தவறியது, மறைத்தது போன்றவை. அப்புறம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ஒருவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டதால் விடுபட்டார். இன்னொருவர் மேல் இருந்த வழக்கை 2007இல் ஜெனரல் ஜேம்ஸ் மாட்டிஸ் தள்ளுபடி செய்தார். பத்து வருடம் கழித்து அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானாரே, அவரேதான். மூன்றாமவரின் வழக்கு 2008இல் கைவிடப்பட்டது. அதிகாரிகளில் ஒருவர் விசாரணையில் விடுதலையானார். மற்றவர்களின் வழக்குகள் விசாரணைக்கே வரவில்லை.

மிச்சம் வூட்ரிச் மட்டும். 2012 ஜனவரியில், சம்பவம் நடந்து ஆறு வருடம் கழித்து, கலிஃபோர்னியாவில் உள்ள கேம்ப் பெண்டில்டனில் விசாரணை தொடங்கியது. பாதியில் சமரசம் ஆனது. கடமையில் அலட்சியம் என்ற ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். கொலை தொடர்பான குற்றச்சாட்டுகள் எல்லாம் போயின. முதலில் சுடுங்கள், கேள்வியைப் பிறகு கேட்கலாம் என்ற பொருளில் தன் ஆட்களிடம் சொன்னதை நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார். பெண்களையோ குழந்தைகளையோ தான் சுடவில்லை என்றும் சொன்னார். சார்ஜென்ட் பதவி போய்ச் சாதாரண சிப்பாயானார். அவ்வளவுதான் தண்டனை.

குண்டு வச்சவன்தானே மூல காரணம்? அவன் வைக்கலைன்னா அந்த 24 பேரும் உயிரோட இருந்திருப்பாங்களே.

இருந்திருப்பார்கள். ஆனால் ஒன்று நடக்கக் காரணமாக இருப்பதும், அதற்குப் பொறுப்பாவதும் ஒன்றல்ல. குண்டு வைத்தவர்கள் டெரசாஸின் சாவுக்குப் பொறுப்பு. குடியிருப்புகள் நடுவே சண்டையை இழுத்துவந்து மக்களை ஆபத்தில் தள்ளியதற்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வீட்டுக்குள் போய் விசையை அழுத்துவதா வேண்டாமா என்பதை முடிவு செய்தது குண்டு வைத்தவன் இல்லை. அங்கே இன்னொரு மனிதனின் முடிவு நடுவில் வந்துவிடுகிறது.

போர்ச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, 33ஆம் பிரிவு: ஒருவர் தானே செய்யாத குற்றத்துக்காக அவரைத் தண்டிக்கக் கூடாது, பழிக்குப் பழி கூடாது. இரண்டாம் உலகப் போரில், தங்கள் ஆள் ஒருவன் செத்தால் அந்த ஊரில் பத்துப் பேரைச் சுடு என்று ஜெர்மானியப் படைகள் நடத்திய அட்டூழியத்தைப் பார்த்தபின் எழுதிய பிரிவு அது.

கூட இருந்த நண்பன் கண்ணெதிர்ல சிதறிப் போனா யாருக்குத்தான் வெறி வராது? நீங்க நானா இருந்தா என்ன பண்ணியிருப்போம்?

வெறி வரும். எனக்கும் வந்திருக்கலாம். அதனால்தான் ராணுவங்களில் பயிற்சி, கட்டளை வரிசை, சுடுவதற்கான விதிமுறைகள் எல்லாம் இருக்கின்றன. கோபம் தண்டனையைக் குறைக்க ஒரு காரணமாகலாம். செய்தது குற்றமே இல்லை என்று ஆக்கிவிடாது. நம் ஊர்க் கொலை வழக்குகளிலும் அப்படித்தானே?

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொலைகள் ஒரு நொடியில் நடந்து முடியவில்லை. கார், ஒரு வீடு, அடுத்த வீடு, பிறகு மற்றொரு வீடு என்று நீண்டன. கார்ப்பக்கம் நின்றவர்கள் ஓடினார்கள், அதனால் சுட்டோம் என்பது முதலில் சொன்ன விளக்கம். அவர்கள் ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தார்கள் என்று அதே அணியைச் சேர்ந்த ஒருவர் பிறகு சாட்சி சொன்னார். ஓடியதாகச் சொல்லும்படி வூட்ரிச் தன்னிடம் கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார். இந்த ஒரு சாட்சியத்தை ஏற்றாலே வெறி என்ற வாதம் பாதி கரைந்துவிடும். வெறிபிடித்தவன் கதை தயாரிக்க மாட்டான்.

ஆனா வீட்டுக்குள்ள யாரு இருக்காங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? போர்ல தப்பு நடக்கத்தானே செய்யும்?

நியாயமான கேள்வி. மரீன்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்கள் உண்மையில் நம்பியிருந்ததும் இதைத்தான். அவர்கள் சொன்னது: வீட்டுப் பக்கமிருந்து சுட்டார்கள், அந்த வீடு பகைவர் வீடு என்று அறிவிக்கப்பட்டது, வீட்டைக் கைப்பற்றப் பயிற்சியில் கற்றபடி செய்தார்கள். அந்தக் கம்பெனியில் பலர் ஓராண்டு முன்னால் அதே அன்பார் மாகாணத்தின் ஃபலூஜா நகரில் வீடு வீடாகச் சண்டை போட்டவர்கள். ஃபலூஜாவில் பெரும்பாலான மக்கள் ஊரைவிட்டு வெளியேறியிருந்தார்கள். மிச்சம் இருப்பவன் எதிரி என்ற கணக்கில் போர் நடந்தது. அந்தப் பழக்கத்தோடு, ஜனங்கள் குடியிருக்கும் ஹதீதாவுக்குள் வந்தார்கள். போதாததற்கு, 2005 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஹதீதா பகுதியில் மூன்று நாளுக்குள் இருபது மரீன்கள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

இதெல்லாம் உண்மை. இருந்தாலும் அமெரிக்கப் படையின் சொந்த விதிமுறையே இலக்கை உறுதிப்படுத்திக்கொண்டுதான் சுட வேண்டும் என்றது. சண்டைக்குத் தொடர்பில்லாதவர் என்று தெரிந்தால் நிறுத்த வேண்டும். தவறுக்கும் குற்றத்துக்கும் நடுவே இருக்கும் கோடு இதுதான்: இருட்டில் யார் என்று தெரியாமல் ஒரு தோட்டா பாய்வது தவறாக இருக்கலாம். யார் என்று பார்க்கவே மாட்டேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு உள்ளே நுழைவதைத் தவறு என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது. முதல் வீட்டில் புகை, சத்தம் என்று சொல்லலாம். அங்கே கிடந்தவர்கள் யார் என்று பார்த்த பிறகு இரண்டாவது வீட்டுக்கு எதைச் சொல்வது? எனக்கு இன்றுவரை யாரும் திருப்தியாகப் பதில் சொன்னதில்லை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? இருபது வயசுப் பசங்களைப் பிடிச்சுத் தண்டிச்சு என்ன ஆகப்போகுது?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பழமொழியில் ஒரு சிக்கல்: அம்புக்குக் கண் கிடையாது, மனசு கிடையாது. சிப்பாய்க்கு இரண்டும் உண்டு. வியட்நாமின் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றபோது, ஹியூ தாம்ப்சன் என்ற 24 வயது ஹெலிகாப்டர் ஓட்டி தன் ஹெலிகாப்டரைச் சொந்தப் படைக்கும் கிராம மக்களுக்கும் நடுவே இறக்கினார். மக்களைச் சுட்டால் அந்தச் சிப்பாய்களைத் திருப்பிச் சுடும்படி தன் ஆட்களிடம் சொன்னார். அவரும் அதே ராணுவம், அதே போர், ஏறக்குறைய அதே வயது.

மேலிடத்து உத்தரவு என்ற சாக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் விசாரணையிலேயே அடிபட்டுப்போனது. அப்பட்டமாகச் சட்டவிரோதமான உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவனும் குற்றவாளிதான். மை லாயில் லெப்டினன்ட் வில்லியம் கேலிக்கு 1971இல் ஆயுள் தண்டனை விதித்தபோது நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் இதையே. (கேலி சில வருடங்கள் வீட்டுக்காவலில் இருந்துவிட்டு வெளியே வந்துவிட்டார் என்பது தனிக் கதை.)

கேட்பவர்களின் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. பொறுப்பு ஏதோ பாகப்பிரிவினை சொத்து போலவும், மேலே ஒரு பங்கு போனால் கீழே அந்த அளவு குறைந்துவிடும் போலவும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுட்டவன் சுட்டதற்கு முழுதாகப் பொறுப்பு. மேலதிகாரி தான் செய்ததற்கும் செய்யாததற்கும் முழுதாகப் பொறுப்பு. ஒருவரைக் கூண்டில் ஏற்றுவதால் இன்னொருவர் இறங்கிப் போக வேண்டியதில்லை.

மேலதிகாரி அங்க இல்லவே இல்லை, சுடவும் சொல்லலை. அவரை எப்படிக் குற்றவாளின்னு சொல்றது?

தெரிந்திருந்தாரா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா. தடுக்கவோ தண்டிக்கவோ தன்னால் முடிந்ததைச் செய்தாரா? சட்டம் கேட்பது இவ்வளவுதான். இந்தக் கோட்பாட்டை உலகத்துக்கு அறிமுகம் செய்த வழக்கை நடத்தியதே அமெரிக்காதான். மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்த ஜப்பானிய ஜெனரல் யமாஷிதா, 1945இல் மணிலாவில் தன் படைகள் செய்த படுகொலைகளுக்காக விசாரிக்கப்பட்டார். அவர் உத்தரவிட்டதாக நேரடி ஆதாரம் இல்லை. பல பிரிவுகளோடு அவருக்குத் தொடர்பே அறுந்துபோயிருந்தது. ஆனாலும் படையைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்று தீர்ப்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 1946 பிப்ரவரி 23 அன்று தூக்கிலிட்டார்கள். அந்தத் தீர்ப்பு அளவுக்கு மீறிக் கடுமையானது என்பது என் எண்ணம். ஆனால் அடுத்த நாட்டு ஜெனரலைத் தொங்கவிட்ட அளவுகோலைத் தன் லெப்டினன்ட் கர்னலுக்குப் பாதியளவாவது வைத்துப் பார்த்திருக்கலாமே.

ஹதீதாவில் அந்த லெப்டினன்ட் கர்னல் பட்டாலியன் தலைவர் ஜெஃப்ரி செசானி. பெண்களும் குழந்தைகளும் இறந்தது தெரிந்தும் அவர் விசாரணைக்கு உத்தரவிடவில்லை என்பது குற்றச்சாட்டு. 2008இல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். நிரபராதி என்பதற்காக அல்ல. இந்தச் சம்பவத்தை விசாரித்த ஒரு ராணுவச் சட்ட அதிகாரியே பிறகு ஜெனரல் மாட்டிஸுக்கு ஆலோசகராகக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தார். அது மேலிடத்தின் முறையற்ற செல்வாக்கு என்பதற்காக. செசானிக்கும் மேலே இருந்த ஒரு மேஜர் ஜெனரலுக்கும் இரண்டு கர்னல்களுக்கும் 2007இல் கண்டனக் கடிதம் கொடுத்தார்கள்.

மேஜர் ஜெனரல் எல்டன் பார்ஜ்வெல் நடத்திய உள்விசாரணையின் முடிவு இதைவிடக் கனமானது. இராக்கியரின் உயிர் அமெரிக்க உயிருக்குச் சமமில்லை, அவர்கள் சாவது இந்த வேலையில் வழக்கமாக ஆகும் செலவு என்ற மனநிலை கட்டளை வரிசை முழுவதிலும் தெரிகிறது என்று அவர் எழுதினார். கூட்டுச் சதி எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. 24 பேர் செத்த செய்தி ஒவ்வொரு மேசையாகத் தாண்டிப் போனது. எந்த மேசையிலும் யாருக்கும் அது விசாரிக்க வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. சதியைவிட இது மோசம் என்பேன்.

அப்போ நேரா புஷ்ஷைத்தானே கூண்டில் ஏத்தணும்? போரே பொய்யைச் சொல்லி ஆரம்பிச்சது.

பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி 2003 மார்ச்சில் போனார்கள், ஆயுதங்கள் கிடைக்கவில்லை. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் வெளிப்படையான ஒப்புதலும் இல்லை. ஐ.நா. சாசனப்படி அந்தப் போர் சட்டவிரோதம் என்று 2004இல் அன்றைய பொதுச்செயலாளர் கோஃபி அன்னானே சொன்னார். ஆக, போரைத் தொடங்கிய பொறுப்பு வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் போரைத் தொடங்கியது ஒரு குற்றம், போருக்குள் ஒரு வீட்டில் குழந்தையைச் சுட்டது இன்னொரு குற்றம். சட்டம் இரண்டையும் வேண்டுமென்றேதான் பிரித்து வைத்திருக்கிறது. பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? நியாயமான போர் நடத்துகிறேன் என்று நம்பும் தரப்பு என்ன செய்தாலும் சரியாகிவிடும். தவறான போருக்கு அனுப்பப்பட்ட சிப்பாய், ஒழுங்காக நடந்தாலும் கொலைகாரன் ஆகிவிடுவான். புஷ்ஷின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் வூட்ரிச்சும் செசானியும் அந்தச் செய்திக்குறிப்பும் காணாமல் போய்விடுகின்றன. மேலே பாகப்பிரிவினை பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

ஒரு டெக்னிக்கல் டவுட். 2004லயே ஆட்சியை இராக்கியர்கள்கிட்ட ஒப்படைச்சாச்சு. அப்போ 2005ல அவங்களை ஆக்கிரமிப்புப் படைன்னு சொல்ல முடியுமா?

நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். 2003 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1483ஆம் தீர்மானம் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு அதிகாரங்கள் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 2004 ஜூனில் 1546ஆம் தீர்மானம் மாத இறுதியோடு ஆக்கிரமிப்பு முடியும் என்றது. ஜூன் 28 அன்று இடைக்கால அரசிடம் ஆட்சி போனது. அதற்குப் பிறகு அமெரிக்கப் படை இருந்தது இராக்கிய அரசின் சம்மதத்தோடு என்பது காகிதத்தில் உள்ள நிலை.

1907ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகளில் 42ஆம் பிரிவு காகிதத்தைப் பார்ப்பதில்லை. ஒரு நிலப்பகுதி உண்மையில் பகைப்படையின் அதிகாரத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்தக் கண்ணால் பார்த்து, 2005 அன்பாரில் ஆக்கிரமிப்பு தொடர்ந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. இல்லை என்பவர்களும் உண்டு. நடைமுறையில் பதில் எதுவானாலும் கொலை கொலைதான். ஆக்கிரமிப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் பிரிவு, சண்டையில் பங்கெடுக்காதவர்களைக் கொல்வதைத் தடுக்கிறது. வூட்ரிச் குழுவின் மேல் பதிவான கொலைக் குற்றச்சாட்டும் அமெரிக்க ராணுவச் சட்டப்படியானதே. அதற்கு ஆக்கிரமிப்பா இல்லையா என்ற கேள்வியே தேவைப்படவில்லை.

இராக்ல நடந்த கொலையை இராக் கோர்ட் ஏன் விசாரிக்கலை?

முடியாது. ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவராக இருந்த பால் பிரெமர் கிளம்பிப் போவதற்கு முன் 17ஆம் எண் ஆணையைத் திருத்தி வைத்துவிட்டுப் போனார். அதன்படி வெளிநாட்டுப் படையினர் மேல் இராக்கிய நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை. அவரவர் நாடே விசாரித்துக்கொள்ளும். அமெரிக்காவும் இராக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினர்கள் அல்ல என்பதால் அந்த வழியும் அடைபட்டது. ஆக, நீதிபதி, வழக்குத் தொடுப்பவர், குற்றம் சாட்டப்பட்டவர், ஜூரியாக உட்கார்ந்த மரீன்கள் எல்லாரும் ஒரே சீருடை. சாட்சிகளோ பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

ஹதீதாவின் நிழல் பின்னால் அரசியலில் விழுந்தது. 2011இல் அமெரிக்கப் படையில் ஒரு பகுதி இராக்கிலேயே தங்குவதா என்று பேச்சு நடந்தபோது, அவர்களுக்கு நீதிமன்ற விலக்கு தர இராக்கிய அரசியல்வாதிகள் தயாராக இல்லை. அந்த வருடம் டிசம்பரில் படை வெளியேறியது. அப்போது பாக்தாத் அருகே ஒரு பழைய இரும்புக் கிடங்கில், ஹதீதா விசாரணையில் மரீன்கள் தந்த வாக்குமூலங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்கள், ரகசியம் என்று குறித்தவை, நியூயார்க் டைம்ஸ் நிருபர் கையில் கிடைத்தன. கிடங்குக்காரர் அந்தக் காகிதங்களை எரித்து மீன் சுட்டுக்கொண்டிருந்தார்.

பணம் குடுத்தாங்களே, அது குற்றத்தை ஒத்துக்கிட்ட மாதிரிதானே?

சட்டப்படி இல்லை. ஒரு சாவுக்கு 2,500 டாலர் வரை என்று, பொதுமக்கள் என்று முதலில் ஒப்புக்கொண்ட அந்த 15 பேரின் குடும்பங்களுக்கு மொத்தம் சுமார் 38,000 டாலர் கொடுத்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் இரங்கல் தொகை; பொறுப்பை ஏற்பதாக இதற்கு அர்த்தம் இல்லை என்பதும் கூடவே உண்டு. உண்மையான இழப்பீடு வேறு. 1907ஆம் ஆண்டின் நான்காம் ஹேக் உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, தன் படையைச் சேர்ந்தவர்கள் செய்யும் எல்லாச் செயல்களுக்கும் அந்த நாடே பொறுப்பு, மீறினால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவின் கீழ் ஒரு சல்லிக்காசுகூட ஹதீதாவுக்கு வரவில்லை.

அந்த ஆயுதக் குழுக்கள் இதைவிடப் பல மடங்கு இராக்கியர்களைக் கொன்னாங்க. அதைப் பேசாம அமெரிக்காவை மட்டும் ஏன் பிடிச்சுக்கறீங்க?

கொன்றார்கள். சந்தையில், மசூதியில், வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசையில் குண்டு வைத்தார்கள். ஹதீதாவிலேயே அமெரிக்கர்களுக்கு உதவியதாகச் சந்தேகப்பட்டவர்களைக் கொன்றார்கள். அதுவும் போர்க்குற்றம். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் போர்ச் சட்டம் நீ மீறினால் நானும் மீறுவேன் என்ற ஒப்பந்தம் அல்ல. எதிரி மீறினாலும் உன் கடமை அப்படியே இருக்கும். ஆயுதக் குழு சட்டத்தை மதிப்பதாக யாரிடமும் சொல்லவில்லை. நீதியையும் ஜனநாயகத்தையும் கொண்டுவருகிறோம் என்று சொல்லி வந்தது இன்னொரு தரப்பு.

ஓட்டுப் போட்ட அமெரிக்க ஜனங்களுக்கு இதுல பங்கு இல்லையா?

கார்ல் ஜாஸ்பர்ஸ் என்ற ஜெர்மன் தத்துவவாதி, நாஜி ஆட்சி விழுந்தவுடன் தன் நாட்டு மக்களிடம் இதைப் பற்றிப் பேசினார். குற்றவியல் குற்றம் தனிமனிதனுடையது. அதை நீதிமன்றம் பார்க்கும். அரசியல் பொறுப்பு குடிமக்கள் எல்லாருக்கும் உண்டு. அரசு செய்ததற்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டிவரும். தார்மிகக் குற்றத்தை அவரவர் மனசாட்சிதான் பார்க்க வேண்டும். இந்தப் பிரிவினை எனக்கு உதவியாக இருக்கிறது. ஒரு அமெரிக்க ஆசிரியையைக் கொலைகாரி என்பது அபத்தம். அவரிடம் இழப்பீட்டுக்கு வரி கட்டச் சொல்வது அபத்தம் இல்லை.

அங்கேயே குரல் எழுப்பியவர்களும் இருந்தார்கள். முன்னாள் மரீனான காங்கிரஸ் உறுப்பினர் ஜான் மர்த்தா 2006 மே மாதம், நிதானமாகச் செய்த கொலை இது என்று வெளிப்படையாகச் சொன்னார். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு சொல்கிறார் என்று அவர் மேல் வூட்ரிச் அவதூறு வழக்கு போட்டார், அது நிற்கவில்லை.

எங்கட வல்வெட்டித்துறையிலயும் இதேதானே நடந்தது? அதுக்கு ஆர் பொறுப்பு?

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டபோது கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. கேட்டது சரிதான். 1989 ஆகஸ்ட் 2 அன்று வல்வெட்டித்துறையில் இந்திய அமைதிப்படையின் ரோந்து அணியைப் புலிகள் தாக்கினார்கள். இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள். அதன்பின் படையினர் ஊருக்குள் புகுந்து 50க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள், வீடுகளை எரித்தார்கள். அதற்கு முன் 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இருதரப்புச் சண்டைக்கு நடுவே சிக்கியவர்கள் என்பது இந்தியத் தரப்பு சொன்னது.

அங்கேயும் அந்த டெக்னிக்கல் டவுட் வரும். இந்தியப் படை 1987 ஜூலை 29 ஒப்பந்தப்படி, இலங்கை அரசின் சம்மதத்தோடு போனது. அதனால் ஆக்கிரமிப்பு என்ற பெயர் சட்டப்படி ஒட்டாது என்பார்கள். மேலே சொன்ன பதில்தான்: பெயர் மாறினாலும் கொலை மாறாது. வித்தியாசம் ஒன்று உண்டு, அது நமக்குச் சாதகமானது அல்ல. ஹதீதாவுக்குக் குற்றப்பத்திரிகையாவது இருந்தது, திறந்த நீதிமன்றத்தில் வாக்குமூலமாவது வந்தது. வல்வெட்டித்துறைக்கும் யாழ் ஆஸ்பத்திரிக்கும் அதுவும் கிடையாது. அமெரிக்காவைக் கேட்கும் அதே கேள்வியை டெல்லியை நோக்கிக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் முதல் கேள்வியையும் விட்டுவிடலாம்.

ஃபோட்டோவெல்லாம் இப்போதான் வந்ததாமே? இத்தனை வருஷம் கழிச்சு வெளியிட்டு என்ன பிரயோஜனம்?

சம்பவத்தன்று மரீன்களே எடுத்த படங்கள் அவை. படையின் தலைமை அவற்றை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டது. அன்றைய மரீன் படைத் தளபதி மைக்கேல் ஹேகி, பத்திரிகைகளுக்கு அவை கிடைக்காமல் செய்ததைப் பிற்பாடு ஒரு பேட்டியில் பெருமையாகவே சொன்னார். நியூயார்க்கர் இதழின் செய்தியாளர்கள் வழக்குப் போட்டு வாங்கி 2024 ஆகஸ்டில் சிலவற்றை வெளியிட்டார்கள். அதற்காக ஹதீதாவில் உறவுகளை இழந்த இருவர் வீடு வீடாகப் போய், படங்கள் வெளிவருவதில் எங்களுக்குச் சம்மதம் என்று 17 உறவினர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிரயோஜனம் இருக்கிறதா என்று முடிவு செய்ய அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

இனிமே யார் மேலயாவது வழக்குப் போட முடியுமா?

ஏட்டளவில் கதவு முழுசாக மூடவில்லை. உயிர் போன போர்க்குற்றத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் காலவரம்பு கிடையாது. படையைவிட்டு வெளியேறியவர்களைச் சாதாரணக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரிக்கவும் சட்டம் இருக்கிறது. இராக்கின் மஹ்மூதியாவில் 2006இல் ஒரு சிறுமியை வன்புணர்ந்து குடும்பத்தோடு கொன்ற ஸ்டீவன் கிரீன் அப்படித்தான் கென்டக்கியில் ஆயுள் தண்டனை பெற்றார். ஃபலூஜாவில் கைதிகளைக் கொன்றதாக ஒரு முன்னாள் மரீனை 2008இல் கலிஃபோர்னியாவில் அதே வழியில் விசாரித்தார்கள்; ஜூரி விடுதலை செய்தது.

ஹதீதாவில் வூட்ரிச் மேல் ஒருமுறை விசாரணை நடந்து தண்டனையும் முடிந்துவிட்டதால் அதே குற்றத்துக்கு மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது. மற்றவர்களில் சிலருக்குச் சாட்சி சொன்னதற்காக விலக்கு கொடுத்தாயிற்று. மிச்சமிருப்பவர்கள் மேல் வழக்கு வேண்டுமென்றால் அமெரிக்க நீதித்துறை தானாக முன்வர வேண்டும். இதுவரை எந்த அதிபரின் காலத்திலும் அது முன்வரவில்லை. பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் 2007இல் 17 இராக்கியர்கள் இறந்த துப்பாக்கிச்சூட்டுக்காகச் சிறையில் இருந்த, பிளாக்வாட்டர் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் நால்வருக்கு டிரம்ப் 2020 டிசம்பரில் பொதுமன்னிப்பே கொடுத்தார்.